சட்டம் காப்பது உன் வேலையை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய பரேடு போட்டோவைப் பார்த்துவிட்டு, "பிள்ளை இப்படிக் கறுத்துப் போயிட்டானே" என்று கண் கலங்கினாள். பிறகு அதே போட்டோவை எதிர்வீடு, பக்கத்து வீடு என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தாள். ஊனமாஞ்சேரியில் சாப்பாடு எப்படி, கால் கொப்புளம் ஆறிற்றா என்று மறக்காமல் கேட்கச் சொன்னாள்.

போனில் நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். "அரசாங்கத்தோட சாங்ஷன் இல்லாம எங்க மேல கோர்ட்டுல கேஸ் நடத்த முடியாதாமே, அக்கா? கூட இருக்கிற பசங்க சொல்றாங்க" என்றாய். சாதாரணச் சந்தேகம் போலத்தான் கேட்டாய். ஆனால் உன் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இன்னும் சில மாதங்களில் தோளில் இரண்டு ஸ்டாருடன் ஏதோ ஒரு ஸ்டேஷனில் போய் நிற்கப்போகிறாய். அதற்குள் இந்தச் சட்டத்தை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போகிறவர்களால் யார் யார் சீரழிகிறார்கள் என்பதை நான் கோர்ட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218-வது பிரிவு. அரசாங்கத்தின் அனுமதியோடுதான் பதவியிலிருந்து நீக்க முடியும் என்ற நிலையில் இருக்கிற ஓர் அரசு ஊழியர், தன் அலுவலைச் செய்கையில் ஒரு குற்றம் செய்துவிட்டார் என்று புகார் வந்தால், அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கக் கூடாது. சாரம் இவ்வளவுதான்.

இதில் முதல் வரியையே உன் நண்பர்கள் கவனிக்கவில்லை. ஓர் எஸ்.ஐ.யை நீக்குவதற்கு அரசாங்கம் வரைக்கும் போக வேண்டியதில்லை, துறையின் மேலதிகாரியே நீக்கலாம். மைசூர் மாநிலத்து எஸ்.ஐ. ஒருவர் 197-ஐக் காட்டித் தப்பிக்கப் பார்த்தபோது, "உங்களை ஐ.ஜி.யே நீக்க முடியும், ஆகவே இந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை" என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாகராஜ் வழக்கு என்பார்கள், 1963-ல் வந்த தீர்ப்பு. ஏட்டு, கான்ஸ்டபிள் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாநில அரசு தனி அறிவிக்கை போட்டுப் பொது அமைதி காக்கும் படையினருக்கும் இதை நீட்டிக்கலாம் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்போது நடந்தவற்றுக்குப் பழைய 132, இப்போதைய 151, எல்லாப் பதவிக்கும் பொருந்தும். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு இறந்த மாணவர் ராஜேந்திரனின் சிலையை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நீ எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் நடந்ததும் உனக்குத் தெரியும். அந்த மாதிரித் துப்பாக்கிச் சூடுகளில் வழக்கு என்று கிளம்பினாலே இந்தப் பிரிவுதான் முதலில் குறுக்கே வந்து நிற்கும். ஆனால் லாக்கப்புக்குள் ஒருவனை அடிப்பது கூட்டத்தைக் கலைப்பது ஆகாது.

இப்படி ஒரு காப்பு எதற்கு என்று கேட்டால், அதற்கு நியாயம் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். அப்பா ஏட்டாக இருந்த காலம் உனக்கு அவ்வளவாக ஞாபகம் இருக்காது. ஆருத்ரா தரிசனத்துக்குத் தேர் பந்தோபஸ்து என்று சிதம்பரம் போனால் இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வர மாட்டார். கால் இரண்டும் வீங்கித்தான் திரும்புவார். ஒரு தடவை ஏதோ சாராயத் தகராறை விலக்கப்போய், அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து இவர் மேலேயே புகார் கொடுத்தார்கள். அந்தப் புகார் விசாரணையில் இருந்தவரைக்கும் அவர் சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். பொய்ப் புகார் என்று முடிவானது, ஆனால் அதற்குள் பதவி உயர்வு போயிற்று. தன் வேலையைச் செய்தவன் ஒவ்வொரு முறையும் கோர்ட் படியேறி நிற்க வேண்டும் என்றால் எவன் துணிந்து தகராறை விலக்கப் போவான்? அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்தப் பிரிவு, ஏட்டான அப்பாவுக்கு அது எட்டாவிட்டாலும். வெள்ளைக்காரன் காலத்து 1898 சட்டத்திலிருந்தே இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் வைத்துக்கொண்டோம்.

ஆகவே கேள்வி, காப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. எந்தச் செயல் "அலுவல்" என்பதில்தான் இருக்கிறது. லஞ்சம் வாங்குவது அலுவல் ஆகாது என்று 1948-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்துவிட்டது. 1955-ல் கல்கத்தா வருமான வரிச் சோதனை ஒன்றில் காவலாளியை அடித்துக் கட்டிப்போட்டார்கள் என்ற புகார் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாதாஜோக் தோபே வழக்கு. செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருந்தால் அனுமதி வேண்டும் என்றார்கள். கதவைத் திறக்கவிடாமல் தடுத்தவரைத் தள்ளுவது சோதனையின் ஒரு பகுதிதான் என்பது அவர்கள் கருத்து. 2000-ல் கேரளத்து வழக்கு ஒன்றில், லாக்கப்பில் இருப்பவரைப் போலீஸ்காரர் அடித்தால் அதைக் கடமையோடு முடிச்சுப் போட முடியாது என்றது அதே நீதிமன்றம். கோடு அங்கேயே தெளிவாக விழுந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நிற்கவில்லை. 2006-ல், மேற்கு வங்கத்தில் தேர்தல் நாளன்று போலீஸ் அடித்ததில் ஒருவர் இறந்த வழக்கில், அனுமதி வேண்டும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அமர்வில் இருந்த இன்னொரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். 2020 ஜூனில், கர்நாடக போலீஸ் அதிகாரி ஒருவரின் வழக்கில், அதிகாரத்தை மீறிய செயலாக இருந்தாலும் கடமையோடு தொடர்பு இருந்தால் அனுமதி வேண்டும் என்று சொல்லி வழக்கையே ரத்து செய்தார்கள்.

அதே 2020 ஜூனில்தான் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அந்த மாதத்தை நான் மறக்க மாட்டேன்.

கோடு இப்படி ஆடிக்கொண்டிருப்பதால்தான் அதை வைத்து ஆட முடிகிறது. எப்படி என்று சொல்கிறேன், கேள்.

ஒருவனை ஸ்டேஷனில் வைத்து அடித்துவிட்டார்கள் என்று வை. அதே ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுக்க முடியாது. எஸ்.பி.க்கு மனு, கலெக்டருக்கு மனு, மனித உரிமை ஆணையத்துக்கு மனு. எதுவும் நகராவிட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் தனிப்புகார். இப்போதைய சட்டத்தில் 223-வது பிரிவுப்படி, அலுவலின்போது நடந்ததாகச் சொல்லப்படும் குற்றம் என்றால், அந்த அதிகாரி என்ன சொல்கிறார் என்று கேட்டு, அவருடைய மேலதிகாரியின் அறிக்கையும் வந்த பிறகுதான் மாஜிஸ்திரேட் அதைக் கோப்புக்கு எடுக்க முடியும். பழைய சட்டத்தில் இது இல்லை. எல்லாம் தாண்டிச் சம்மன் போனதும், பிரிவு பொருந்துமோ பொருந்தாதோ, அதிகாரி தரப்பு விடுவிப்பு மனு போடும்: "சாங்ஷன் வாங்கவில்லை, எங்களை விடுங்கள்." மாஜிஸ்திரேட் மறுத்தார் என்று வை. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனு. அங்கேயும் தோற்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. அங்கேயும் தோற்றால் டெல்லி. இடைக்கால உத்தரவுக்குச் சீராய்வு கிடையாது என்று சட்டத்தில் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். 1977-ல் மது லிமாயே வழக்கில் உச்ச நீதிமன்றம், முழுக்க இடைக்காலமும் இல்லாத, முழுக்க இறுதியும் இல்லாத நடுத்தர உத்தரவு என்று ஒரு வகையைக் காட்டி, அதற்குச் சீராய்வு உண்டு என்றது. வழக்கு நடத்தவே கூடாது என்ற ஆட்சேபனையை நிராகரிக்கும் உத்தரவு அந்த வகையில் வந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்டே கேட்கலாம். ஆறு மாதத்தில் ஸ்டே தானாகவே காலாவதி ஆகும் என்று 2018-ல் ஒரு தீர்ப்பு வந்தது. 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை எடுத்துவிட்டது. தானாகக் காலாவதியாவது சரியில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் வலுவானவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டேயின் இன்னொரு முனையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைத்தான் நான் தினம் பார்க்கிறேன்.

என்னிடம் ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். கட்டட வேலைக்குப் போகிற பையன். ஒரு திருட்டு விசாரணை என்று அழைத்துப்போய் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது வலது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தார்கள். திருடியது வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. மாஜிஸ்திரேட் விடுவிப்பு மனுவைத் தள்ளுபடி செய்தார். உடனே அவர்கள் மேலே போனார்கள், ஸ்டே வாங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் பையனின் அம்மா வருகிறார். வர வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை. கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் எக்ஸ்ரே. ஜெராக்ஸ் எடுத்தாயிற்று, அசல் கோர்ட்டில் இருக்கிறது, இது டாக்டர் கொடுத்த இன்னொரு பிரதி, வீட்டில் வைத்தால் போதும் என்றால், "நீதிபதி அய்யா திடீர்னு கேட்டா என்னம்மா பண்றது" என்கிறார். எந்த நீதிபதியும் இதுவரை அந்த எக்ஸ்ரேயைக் கேட்கவில்லை. கேட்க முடியாது. கை எப்படி ஒடிந்தது என்ற கேள்விக்கே வழக்கு இன்னும் வரவில்லையே! அந்தக் கேள்வியைக் கேட்கலாமா கூடாதா என்ற கேள்விதான் மேலே நடந்துகொண்டிருக்கிறது. பையனுக்குக் கலவைச் சட்டி தூக்க முடியவில்லை. வாட்ச்மேன் வேலைக்குப் போகிறான்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வருவது. நேர்மையான அதிகாரியின் நேரம் வீணாகக் கூடாது என்று வைத்த காப்பை, நேர்மையில்லாதவன் பிடித்துக்கொண்டால் அது ஓர் ஏழையின் வயதைத் தின்கிறது.

இது நம் நாட்டுக் குறை மட்டும் என்று நினைக்காதே. அமெரிக்காவில் இதற்கு அண்ணன் தம்பி போல ஒன்று இருக்கிறது. அங்கே அரசு அதிகாரி அரசியல் சாசன உரிமையை மீறினால் அவர் மேல் நஷ்டஈடு வழக்குப் போட 1871-லேயே சட்டம் வந்துவிட்டது. 1967-லிருந்து அவர்களுடைய உச்ச நீதிமன்றம், நல்லெண்ணத்தோடு செய்த போலீஸ்காரருக்கு ஒரு வரையறைக்கு உட்பட்ட காப்பைத் தீர்ப்புகள் வழியாகவே கட்டி எழுப்பியது. 1982-ல் எண்ணம் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு, "தெளிவாக நிலைநாட்டப்பட்ட உரிமை" மீறப்பட்டதா என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள். ஏறக்குறைய அதே மாதிரிச் சம்பவத்தில் முன்பே தீர்ப்பு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமை தெளிவாக இல்லை என்று அதிகாரி தப்பிவிடலாம். 1985-ல் மிட்செல் எதிர் ஃபோர்சைத் வழக்கில், கீழ் நீதிமன்றம் இந்தக் காப்பை மறுத்தால் விசாரணை முடியும்வரை காத்திராமல் உடனே மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். விசாரணையில் நிற்காமல் இருப்பதற்கான காப்பு என்பதால், விசாரணை முடிந்த பிறகு அதைக் கொடுத்துப் பயனில்லை என்பது அவர்கள் வாதம். கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் வழக்குப் போட்டவர்கள் அந்த மேல்முறையீடு முடிவதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அவர்கள் நம்மைவிடத் தெளிவாகப் பிரித்தார்கள். 1995-ல் ஜான்சன் எதிர் ஜோன்ஸ் வழக்கு. கைது செய்தபோதும் ஸ்டேஷனிலும் போலீஸ் அடித்ததாக ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். நாங்கள் அடிக்கவில்லை, அடித்ததைப் பார்க்கவும் இல்லை என்று சொன்ன அதிகாரிகள் காப்புக் கேட்டு மேல்முறையீடு செய்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது பற்றித் தகராறு என்றால் இப்போதே வாருங்கள். அடித்தது யார், பார்த்தது யார் என்பதுதான் தகராறு என்றால் அதற்கு இந்த உடனடி மேல்முறையீடு கிடையாது, போய் விசாரணையில் நில்லுங்கள் என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு நான் அன்று வெகுநேரம் யோசித்தேன். நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. அனுமதி வேண்டுமா என்ற கேள்வி எந்தக் கட்டத்திலும் எழலாம், சாட்சியங்கள் வந்த பிறகும் முடிவு செய்யலாம் என்று மாதாஜோக் தோபே காலத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். அப்படியானால் முதலில் சாட்சியைக் கேட்கட்டும். எக்ஸ்ரேயைப் பார்க்கட்டும். கடமையில் நடந்ததுதான் என்று தெரிந்தால் அதிகாரியை விட்டுவிடட்டும். அடித்தார்களா இல்லையா என்பதே தெரியாத நிலையில் "இது கடமையோடு தொடர்புடையது" என்று எப்படிச் சொல்ல முடியும்? என் வாதங்களில் நான் திரும்பத் திரும்ப வைக்கிற கோரிக்கை இதுதான்.

சாத்தான்குளத்துக்கு ஒரு மாதம் முன்னால், 2020 மே 25-ல்தான் மினியாபோலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்தியது. அந்த அதிகாரி கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். அங்கே இந்தக் காப்பு நஷ்டஈடு வழக்குக்கு மட்டும்தான், குற்ற வழக்குக்குக் கிடையாது. நம்முடையது நேர்மாறு. இங்கே அரசின் அனுமதி குற்ற வழக்குக்கே குறுக்கே நிற்கிறது. நஷ்டஈட்டில் நம் நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் "இறையாண்மைக் காப்பு" என்று கைவிரித்தாலும், 1993-ல் ஒடிசாவின் நீலபதி பெஹெரா வழக்கில், போலீஸ் காவலில் மகனை இழந்த தாய்க்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி, அடிப்படை உரிமை மீறலில் அந்தக் காப்பு செல்லாது என்று தீர்த்தார்கள். 2013-ல் பாலியல் குற்றங்களுக்கு அனுமதியே தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய சட்டத்தில் 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். நல்ல மாற்றங்கள்.

பாலியல் குற்றம் என்றதும் உனக்குச் சிதம்பரம் நினைவுக்கு வர வேண்டும். 1992-ல், நீ பிறப்பதற்கு முன்னால், அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒருவர் விசாரணைக் காவலில் இறந்தார். அவருடைய மனைவியை அதே நிலையத்துக்குள் போலீஸ்காரர்கள் வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுத மாட்டேன். அவருக்காக மாதர் சங்கமும் அரசியல் கட்சிக்காரர்களும் தெருவில் நின்று போராடியதை இன்றைக்கும் சிதம்பரத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப் போராடித்தான் காவலர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தண்டனை வாங்கிக் கொடுக்க முடிந்தது. அடுத்த ஆண்டே, 1993 மார்ச்சில், கம்மாபுரம் காவல் நிலையம். முதனை கிராமத்து ராஜாகண்ணு, குறவர் சமூகத்தவர். நகைத் திருட்டு என்று பிடித்துப்போனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். அவருடைய மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த மனுவிலேயே சாட்சிகளை விசாரிக்க வைத்தார். கேரளத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில் போலீஸ் முகாமில் காணாமல் போன மாணவர் ராஜன் வழக்கு அதற்கு முன்மாதிரி. கொலைதான் என்று வெளியே வந்தது. உயர் நீதிமன்றத்தில் எல்லாம் முடியும்போது 2006 ஆகிவிட்டது. இந்த வழக்கை வைத்து எடுத்த 'ஜெய் பீம்' படம் 2021-ல் வந்தபோது நீ கைதட்டிப் பார்த்தாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது நம் மாவட்டத்துக் கதை. படம் இரண்டே முக்கால் மணி நேரம். அந்த அம்மாவுக்கு அது பதின்மூன்று வருஷம்.

வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து ஒரு மலையடிவாரக் கிராமத்தையே சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தாமதத்தில் குற்றம் செய்தவனும் செத்துப்போகிறான், பாதிக்கப்பட்டவனும் செத்துப்போகிறான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அக்காவுக்குப் போலீஸ் என்றாலே ஆகாது" என்று நினைக்காதே. நான் போலீஸ்காரர் வீட்டுச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவள். சாத்தான்குளத்தில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். போலீஸுக்குள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், அதனால் லாக்கப் சித்திரவதைக்கு நேரடிச் சாட்சி கிடைப்பதே அரிது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்டு எழுதியது. அந்த வருத்தத்துக்கு ஒரு பெண் காவலர் பதில் சொன்னார். போலீஸ் என்ற சொல்லுக்கு அன்றைக்கு மரியாதை தேடிக் கொடுத்தவர் அவர்தான். நீ யார் மாதிரி ஆகப்போகிறாய் என்பதைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைச் சுற்றி வேறு மாதிரிப் பேச்சு இருக்கும். "நாலு தட்டு தட்டாம எவன்டா உண்மையைச் சொல்றான்" என்பார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு குற்றவாளியை நிறுத்திப் போட்டோ எடுத்தால் ஊரே பாராட்டும். உனக்கும் அந்தப் பாராட்டில் ஆசை வரலாம். அந்தப் போட்டோவில் இருப்பவன் குற்றவாளியா இல்லையா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. என் கட்சிக்காரப் பையனும் அப்படித்தான் நின்றான். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்குப் போனவர், உயிரோடு திரும்பவில்லை.

"மேலதிகாரி சொன்னார், செய்தேன்" என்பதும் உன்னைக் காப்பாற்றாது. 2011-ல் பிரகாஷ் கதம் வழக்கில், மேலிடத்து உத்தரவு என்று சொல்லிப் போலி என்கவுன்டரிலிருந்து தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரையேறிய இடம் என்று நம் ஊரில் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறோமே, கட்டச் சொன்னவன் பல்லவன், கட்டியவர்கள் அவன் சேவகர்கள். அந்தச் சேவகர்களில் ஒருவன் பெயரும் யாருக்கும் தெரியாது. மேலே இருப்பவன் பேர் வாங்குவான், கூண்டில் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நீதான்.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன், இதைக் கட்டளையாகவே வைத்துக்கொள். கைது செய்தால் கைதுக் குறிப்பாணை எழுது, வீட்டாருக்குச் சொல். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கொடுத்த பதினொரு கட்டளைகளை மனப்பாடம் பண்ணு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து. "விசாரணைக்குத்தான் கூப்பிட்டோம், கைது இல்லை" என்று யாரையும் இரவில் வைத்திருக்காதே. டாக்டரிடம் காட்டும்போது நீ பக்கத்தில் நிற்காதே, அவன் வாய் திறந்து சொல்லட்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கொண்டுவராதே. வக்கீல் வந்தால் உள்ளே விடு, எரிச்சல் வந்தாலும் விடு. தகாத உத்தரவு வந்தால் "எழுத்தில் கொடுங்கள் அய்யா" என்று கேள். கொடுக்க மாட்டார்கள். கேட்டதை ஜெனரல் டைரியில் பதிந்துவை. மாற்றல் வரும், வரட்டும். ராமநாதபுரம் போனாலும் சோறு கிடைக்கும்.

நீ இப்படி நடந்துகொண்டு, யாராவது உன் மேல் பொய்ப் புகார் கொடுத்தால், உனக்காக வாதாட டெல்லிவரை நானே வருகிறேன். ஃபீஸ் வாங்க மாட்டேன். லாக்கப்பில் ஒருவன் மேல் கை வைத்தாய் என்று தெரிந்தால், அவன் அம்மாவுக்கு நான் வக்காலத்துப் போடுவேன். இது மிரட்டல் இல்லையடா. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் உனக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து எந்த ஸ்டேஷன் என்று தெரிந்ததும் எனக்குத்தான் முதலில் போன் பண்ண வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப் உட்பட, கேமரா வைக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. சேர்ந்த முதல் நாளே உன் ஸ்டேஷனில் எத்தனை கேமரா இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது, பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று பார். வேலை செய்யாததைச் சரிசெய்யச் சொல்லி எஸ்.பி. ஆபீசுக்கு எழுது. அந்தக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா